பக்கவாட்டுப் படம்

தையல்நாயகியின் வாய்க்குள் இருந்த இருபத்தெட்டுப் பல்லும் சவுரிராயனுக்கு மனப்பாடம். வாயை மூடினால் அவள் முகம் எப்படி இருக்கும் என்பது மட்டும் தெரியாது.

மூன்று தடவை வந்திருந்தாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு, தாவணி முனையை வாயில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவாள். நாற்காலியில் உட்கார்ந்ததும் கண்ணை இறுக்கிக்கொண்டு வாயைத் திறப்பாள். வேலை முடிந்து எழுந்தால் தாவணி மறுபடி வாய்க்குப் போய்விடும். வயது பதினைந்து. வருகிற தை போக, அதற்கடுத்த தையில் மாமன் மகனோடு கல்யாணம். அவன் புதுச்சேரியில் படிக்கிறவன். தெத்துப்பல்லைச் சரிபண்ணிக்கொள்ளட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தான்.

மேல்வரிசையில் இரண்டு கோரைப்பல்லும் வரிசைக்கு வெளியே ஈறின் மேல் ஏறி நின்றன. பஸ்ஸுக்குள் இடம் கிடைக்காதவன் படியில் தொங்குகிற மாதிரி. கீழ்வரிசையிலும் நெருக்கடிதான்.

இடம் போதாத வாய்க்கு இரண்டு வழி உண்டு. வரிசையை அகட்டி இடம் உண்டாக்கலாம். அல்லது நாலு பல்லை எடுத்துவிட்டு மற்றவற்றை உள்ளே இழுக்கலாம். எந்த வழி என்பதைப் பல் சொல்லாது. பல்லின் மேல் போர்த்தியிருக்கும் சதைதான் சொல்லும். உதடு தடித்து முன்னால் தள்ளியிருந்தால் எடுக்கலாம். பல் உள்ளே போகும்போது உதடும் கூடவே போய் முகம் அடங்கும். உதடு மெலிந்து தட்டையாக இருந்தால் எடுக்கக் கூடாது. எடுத்தால் இருபது வயதில் கிழவி வாய் வந்துவிடும்.

கல்கத்தாவில் அவருடைய ஆசிரியர் இதை மந்திரம் மாதிரி திரும்பத் திரும்பச் சொல்வார். பல்லின் அச்சு பாதி, முகம் பாதி. உதட்டைப் பார். தொட்டுப் பார். அது சும்மா இருக்கும்போது பார். மூடச் சொல்லி மூடிய வாய் பொய் சொல்லும்.

அது முப்பத்தெட்டாம் வருஷம். தென்னார்க்காடு ஜில்லாவில் பல் பிடுங்குகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். பல்லை நகர்த்தத் தெரிந்தவர் தாம் ஒருவர்தான் என்று சவுரிராயன் நினைத்தார். விழுப்புரம் ஸ்டேஷனிலிருந்து இறங்கி வரும் தெருவில், மருந்துக்கடை ஒன்றின் மாடியில் அவருடைய அறை. இந்த வேலைக்கு வந்த முதல் ஆள் தையல்நாயகி.

அவர் கண்டாச்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளிக்கூடம், பிறகு மிஷன் செலவில் கல்கத்தா. பெண்ணின் அப்பா சுப்பராயலு கவுண்டர் திண்டிவனத்துக்குக் கிழக்கே நாற்பது காணி பயிர் வைக்கிறவர். இது இரண்டு பேருக்கும் தெரியும். பேச்சில் வராது. குறடும் கண்ணாடியும் கவுண்டர் வீட்டுப் பெண்ணின் வாய்க்குள் போகலாம், அது வைத்தியம். மோவாயைப் பிடிக்க வேண்டியிருந்தால் சவுரிராயன் துவைத்த துணியைக் கையில் சுற்றிக்கொள்வார். ஆனால் கல்யாணமாகாத பெண்ணின் உதட்டை விரலால் பிடித்துக் கனம் பார்ப்பது வேறு விஷயம். அம்மா லட்சுமியம்மாள் நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி நின்று இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆகவே போட்டோ எடுத்து வரச் சொன்னார். ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். நேராக ஒன்று. பக்கவாட்டில் ஒன்று. உதடுகள் இயல்பாக இருக்க வேண்டும்.

திண்டிவனத்தில் எடுத்து, கெட்டி அட்டையில் ஒட்டி, மெல்லிய தாள் போர்த்திக் கொண்டுவந்தார்கள். பக்கவாட்டுப் படம் சுத்தமாக இருந்தது. மூக்கு, உதடு, மோவாய் எல்லாம் கத்தரித்தது போல் துலங்கின. உதடு இரண்டும் நன்றாகத் தடித்து முன்னால் வந்திருந்தன. கன்னம் மட்டும் ஒட்டியிருந்தது. சிலருக்கு அப்படி அமையும் என்று நினைத்துக்கொண்டார்.

வெந்நீரில் இளக்கிய மெழுகுக் கட்டியைக் கடிக்கவைத்து அச்செடுத்து, அதில் சுண்ணம் வார்த்து மேல்வரிசையும் கீழ்வரிசையும் செய்திருந்தார். அவற்றை உமி நிரப்பிய மரப்பெட்டியில் வைத்து, போட்டோவையும் சேர்த்து ஆசிரியருக்கு அனுப்பினார். இருபத்துமூன்றாம் நாள் பதில் வந்தது. அரைப் பக்கம். பற்கள் நெருக்கடி. உதடுகள் இரண்டும் தெளிவாக முன்தள்ளி இருக்கின்றன. கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லை நான்கு பக்கமும் எடுத்துவிடலாம்.

அடுத்த புதன்கிழமை கவுண்டரும் வந்தார். செய்தியைக் கேட்டு, உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"நாலு பல்லா?"

"நாலுங்க. மேல ரெண்டு, கீழ ரெண்டு."

"சொத்தையா?"

"சொத்தை இல்லிங்க. நல்ல பல்லுதான்."

கவுண்டர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? நல்ல பல்லுதான் புடுங்குவாராம். சொத்தப் பல்லு இருந்தா பத்திரமா வெச்சிக்கச் சொல்வாரு போல."

"எடம் பத்தலிங்க கவுண்டரே. பயிரு நெருக்கமா மொளைச்சா கலைச்சி உடறீங்க இல்ல?"

"கலைச்சி உட்டா நோஞ்சானத்தான் புடுங்குவோம். தெடமா நிக்கிறதப் புடுங்க மாட்டோம் டாக்டரே. பயிர்த்தொழில எங்கிட்டயே சொல்றீங்களே."

தையல்நாயகி தாவணிக்குள் சிரித்தாள். அம்மா முறைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"கல்யாணம் ஆவாத பொண்ணு," என்றார் கவுண்டர். "நாலு பல்லு இல்லன்னு அவங்க காதுல உழுந்தா இன்னா ஆவறது?"

"ஒன்றரை வருஷத்துல புடுங்குன எடமே தெரியாதுங்க. மத்த பல்லு வந்து மூடிக்கும்."

"மூடிக்கலன்னா?"

சவுரிராயன் மேஜை இழுப்பறையிலிருந்து படத்தை எடுத்தார். மூக்கின் அடியிலிருந்து மோவாய்க்கு ஓர் அடிக்கோலை வைத்துக் காட்டினார். உதடுகள் கோலைத் தாண்டி நின்றன. கல்கத்தாக் கடிதத்தையும் பிரித்து வைத்தார். "நானும் எங்க வாத்தியாரும் தனித்தனியாப் பாத்தோம். ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் தோணுச்சி. படம் பொய் சொல்லாதுங்க."

கவுண்டருக்கு இங்கிலீஷ் தெரியாது. கடிதத்தின் முத்திரையைப் பார்த்தார். பிறகு படத்தை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பெண் அழகாக இருந்தாள். அவர் அவளை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

"செய்யுங்க," என்றார்.

ஒரு நாளைக்கு ஒன்றாக, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுப்பதாக ஏற்பாடு. முதலில் மேல்வரிசையில் வலது பக்கம். ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, துணி சுற்றிய கையால் மோவாயைப் பிடித்து எடுத்தார். நீண்ட வேர். ஒரு பழுதும் இல்லாத பல். குழியில் பஞ்சை வைத்தார்.

"இதுக்கும் பஞ்சா?" என்றாள் தையல்நாயகி. பஞ்சின் மேல் பேசியதால் குழறியது.

"பேசாத. அழுத்திக் கடி. அரை மணி நேரம் வாயத் தொறக்காத."

அவள் கடித்துக்கொண்டாள். அப்போது வாய் மூடித்தான் இருந்தது. ஆனால் ஊசி மருந்தில் உதடு ஒரு பக்கம் தொங்கியது. அதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது பல்லுக்குக் குறித்த புதன்கிழமை காலை, சென்னையிலிருந்து வரவேண்டிய கம்பிச் சுருளுக்காகச் சவுரிராயன் ஸ்டேஷனுக்குப் போனார். பார்சல் ஆபீஸில் கூட்டம். அவர் தூணோரம் நின்றார். திண்டிவனம் பக்கமிருந்து வரும் பாசஞ்சர் வந்து நின்று, ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள். எஞ்சின் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் அவள் முகம் தெரிந்தது. காற்றில் தாவணி தோளுக்குப் போயிருந்தது.

தொழில் பழக்கத்தில் அவர் கண் அளந்தது. மெல்லிய உதடு. மூக்குக்கும் மோவாய்க்கும் நடுவில் உதடுகள் உள்ளே அடங்கியிருக்கின்றன. இறுக்கமில்லை, மோவாய்ச் சதை சுருங்கவில்லை. மூடுகிறோம் என்ற நினைப்பில்லாமல் மூடியிருக்கிற வாய். ஆசிரியர் காட்டச் சொன்னால் இதைக் காட்டலாம். இந்த மாதிரி முகத்தில் ஒரு பல்கூட எடுக்கக் கூடாது.

அப்போது லட்சுமியம்மாள் கையில் செம்போடு குழாயடியிலிருந்து வந்தாள். "ஏண்டி, எஞ்சின இன்னாத்துக்கு அப்டிப் பாக்கற? அதுக்கு வாக்கப்படப் போறியா? எழுந்திரு."

பெண் தாவணியை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

சவுரிராயன் பார்சலை வாங்காமல் அறைக்கு நடந்தார்.

அவர்கள் வருவதற்குள் படத்தை எடுத்து ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். அதே மூக்கு. அதே மோவாய். உதடு அதே உதடு இல்லை. ஸ்டேஷனில் பார்த்தது எட்டு கஜ தூரம். எஞ்சின் புகை வேறு. படம் கையில் இருக்கிறது. கல்கத்தாவும் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. கண்தான் தப்பாக இருக்க வேண்டும் என்று தமக்குத்தாமே சொல்லிப் பார்த்தார். அந்தச் சமாதானம் நிற்கவில்லை.

படியேறி வந்த தையல்நாயகி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி வாயைத் திறந்தாள்.

"வாய மூடிக்கோ," என்றார் சவுரிராயன்.

கண்ணைத் திறந்தாள். வாயை மூடினாள். தலை தானாகக் குனிந்தது. உதட்டை உள்ளே இழுத்து இறுக்கிக்கொண்டாள். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

"இன்னா டாக்டரே?" என்றார் கவுண்டர். "ஜல்தி முடிங்க. தண்ணி முறை இன்னிக்கி நம்முது. ரெண்டு மணி வண்டிய உட்டா பேஜாரு."

"இன்னிக்கி வேணாங்க."

"ஏன்? மருந்து இல்லியா?"

"மருந்து இருக்கு. அந்தப் படத்தப் பத்தி ஒரு சந்தேகம். எடுத்தவரப் பாத்துக் கேக்கணும். நானும் ரெண்டு மணி வண்டிக்கு வர்றேன்."

கவுண்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "படம் பொய் சொல்லாதுன்னீங்களே."

சவுரிராயன் படத்தைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"அப்ப நாங்களும் வர்றோம்," என்றார் கவுண்டர். "தண்ணி முறை எவனாவது பாத்துக்குவான்."

திண்டிவனத்தில் அந்த ஸ்டூடியோ ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரம். பாதிக் கூரை கண்ணாடி; அதன் கீழே வெயிலை மட்டுப்படுத்த வெள்ளைத் துணி கட்டியிருந்தது. போட்டோக்காரர் பாண்டுரங்கன் குள்ளமான மனிதர். மருந்துக் கறை ஏறி விரல்நுனியெல்லாம் கறுத்திருந்தது. நாலு பேர் சேர்ந்து வந்ததைப் பார்த்துக் குரூப் படம் என்று நினைத்து நாற்காலிகளைத் துடைத்தார்.

"இது நீங்க எடுத்த படந்தானே?" என்று சவுரிராயன் நீட்டினார்.

"பின்ன? ஓரத்துல முத்திரை இருக்கு பாருங்க சார். ஏன், நல்லா இல்லியா?"

"நல்லா இருக்கு. எப்படி எடுத்தீங்கன்னு தெரியணும்."

"அதெல்லாம் சொன்னா பொழப்பு போயிடும் சார்." பாண்டுரங்கன் கவுண்டரைப் பார்த்துக் கும்பிட்டார். "எடம் முடிஞ்சிடுச்சா கவுண்டரே? நான் அன்னிக்கே அம்மாகிட்ட சொன்னேன். இந்தப் படத்தப் பாத்துட்டு எவன் வேணான்னு சொல்வான்?"

"எந்த எடம்? எடம் எப்பவோ முடிஞ்சி போச்சி. இவரு பல்லு டாக்டரு. இவருதான் படம் கேட்டாரு."

பாண்டுரங்கன் சவுரிராயனைப் பார்த்தார். "பல்லு டாக்டருக்கா? பல்லே தெரியலியே இதுல."

"பக்கவாட்டுல எடுக்கணும்னு சீட்டு குடுத்தேன்."

"குடுத்தீங்க. பக்கவாட்டுல யாரு சார் கேப்பா? ஒண்ணு போலீசு. இல்லன்னா காசுல ராசா தலை அடிக்கிறவன். கவுண்டரு வூட்டுப் பொண்ணு போலீசுக்கு எதுக்கு? மாப்ள புதுச்சேரின்னு அம்மா சொன்னாங்க. அங்க பிரெஞ்சுக்கார மோஸ்தரு, இப்டித்தான் கேப்பாங்க போலன்னு நெனைச்சிக்கினேன்."

"உதடு இயல்பா இருக்கணும்னு எழுதியிருந்தேன்."

"இயல்பாத்தான் இருக்கு! இதவிட இயல்பா எப்டி சார் வெக்கறது? வந்தப்ப பாத்திருக்கணும் நீங்க. மூக்கு இருந்துது, மோவாய் இருந்துது. நடுவுல ஒண்ணுமே இல்ல. வெளிச்சம் நிக்க ஒரு எடம் வேணாமா? மேலொதட்டுக்குள்ள ஒரு பஞ்சுத் திரி, கீழொதட்டுக்குள்ள ஒரு பஞ்சுத் திரி. அவ்ளோதான். மகாலட்சுமி மாதிரி வந்துட்டா."

சவுரிராயன் படத்தை வாங்கி, ஒட்டியிருந்த கன்னத்தை மறுபடி பார்த்தார்.

"இது எனக்குச் சாவு வூட்டுல வந்த யோசனை," என்று பாண்டுரங்கன் உற்சாகமாகத் தொடர்ந்தார். அவருக்கு இன்னும் விஷயம் பிடிபடவில்லை. "பெரியவங்க செத்துட்டா ஒக்கார வெச்சி எடுக்கறோம் இல்ல? பல்லு போன வாயி, உள்ள போயிடும். பிள்ளைங்க 'எங்க அப்பா இப்டி இல்ல'ன்னு அழுவாங்க. பஞ்சு வெச்சா அப்பா வந்துடுவாரு."

கவுண்டர் ஒரே எட்டில் அவர் சட்டையைப் பிடித்தார். "செத்தவனுக்கு வெக்கிற பஞ்ச எம் பொண்ணு வாயில வெச்சியாடா?"

"ஐயோ, புதுப் பஞ்சு கவுண்டரே! பிரிக்காத பொட்டலம்! அம்மாவக் கேளுங்க, அவங்க எதுக்கத்தான் பிரிச்சேன்!"

கவுண்டர் மனைவியைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துலதானே நின்னேன்," என்றாள் லட்சுமியம்மாள். "போட்டோன்னா அப்டித்தான் எடுப்பாங்கன்னு இருந்தேன். முகத்துக்கு மாவு பூசுனாரு, வாய்க்குப் பஞ்சு வெச்சாரு. நான் இன்னாத்தக் கண்டேன்?"

"நீ சொல்லக் கூடாதா?" என்று மகளிடம் பாய்ந்தார்.

தையல்நாயகி தாவணியை எடுத்தாள். "யாரு கேட்டா? நான் போனா வாயத் தொறன்னு சொல்வாரு. தொறந்துக்கினே எப்டிச் சொல்றது? அன்னிக்கிச் சொல்ல வந்தேன். பேசாத, கடின்னாரு."

கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுந்தது. அவள் கோபமாக இருந்தாள். பேசி முடித்ததும் உதடுகள் தம் இடத்தில் போய் நின்றன. ஸ்டேஷனில் பார்த்தது சரி. சவுரிராயனுக்குச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை.

கவுண்டர் இன்னும் சட்டையை விடவில்லை. "உம் பஞ்சாலதாண்டா எம் பொண்ணுக்கு ஒரு பல்லு போச்சி. நல்ல பல்லு. முழுப் பல்லு. உன்ன இன்னா பண்ணா தகும்?"

சவுரிராயன் சும்மா இருந்தால் போதும். பழி போட்டோக்காரர் மேல் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. டாக்டர் ஏமாற்றப்பட்டவர், பரிதாபத்துக்குரியவர். பாக்கி மூன்று பல் தப்பித்தது அவருடைய புத்தியால்தான் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம்.

"அவர உடுங்க கவுண்டரே," என்றார். "பஞ்சு வெச்சது அவரு. பல்லு புடுங்கினது நான். பொண்ணு எம்முன்னாடியே ஒக்காந்திருந்துது. நான் படத்தப் பாத்துக்கினு இருந்தேன்."

கவுண்டர் கை தளர்ந்தது. பாண்டுரங்கன் இரண்டடி பின்னால் போய்ச் சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஒதட்டத் தொட்டுப் பாத்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்," என்றார் சவுரிராயன். "தொடல. நீங்க இன்னா நெனைப்பீங்களோன்னு தொடல. அதுக்கு அனுமதி கேட்டிருக்கணும். அதுவும் கேக்கல."

"புடுங்குன பல்லு?"

"அது போனது போனதுதாங்க. மத்த மூணையும் எடுக்கக் கூடாது."

கவுண்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதுவரை 'டாக்டரே' என்றும் 'ங்க' போட்டும் பேசிவந்தவர், முதல் தடவையாக ஒருமையில் பேசினார். "உன்ன நம்பினேன்."

மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். ஊருக்குப் போக அவர்களுடைய மாட்டுவண்டி காத்திருந்த புளியமரத்துப் பக்கம் மூன்று பேரும் நடந்து மறைந்தார்கள்.

"என்னா சார் இது," என்றார் பாண்டுரங்கன். "பஞ்சு இல்லாம ஒண்ணு எடுத்துத் தரட்டுமா?"

சவுரிராயன் அன்றே கல்கத்தாவுக்கு எழுதினார். எழுதியதை மூன்று தடவை கிழித்தார். முதல் மூன்றிலும் போட்டோக்காரர் வந்துகொண்டே இருந்தார். நாலாவது நாலு வரி. படம் மெய்யல்ல. உதடுகளை நான் சோதிக்கவில்லை. அவை மெல்லியவை. மேல்வரிசை வலப்பக்கம் பழுதில்லாத பல் ஒன்றை எடுத்துவிட்டேன்.

பதில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தது. வலப்பக்கக் கோரைப்பல்லை, எடுத்த இடத்துக்கு நகர்த்து. இடப்பக்கமும் கீழ்வரிசையும் அகட்டு. முன்பல்லின் நடுக்கோடு சற்று வலப்பக்கம் சாயும். சாயாமல் பார்த்துக்கொள்ள முயற்சி செய். அதற்குக் கீழே தனியாக ஒரு வரி இருந்தது. நோயாளி உன் அறையில் இருந்தாள், என் அறையில் இல்லை.

கடிதத்தை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. பெண் வரவில்லை. வலப்பக்கக் குழி ஆறிக்கொண்டிருக்கும். பக்கத்துப் பற்கள் தம் பாட்டுக்கு அந்த இடத்தில் சாய ஆரம்பிக்கும். கோரைப்பல் வெளியிலேயே நிற்கும். இரண்டு மாதம் போனால் இடம் பாதியாகிவிடும். கவுண்டருக்கு இதைச் சொல்ல வேண்டும். ஒரு கார்டு எழுதிப் போட்டார். பதில் இல்லை. புதன்கிழமைதோறும் வேறு யாரையும் வரச் சொல்லாமல் வைத்திருந்தார். ஐந்து புதன்கிழமை போயிற்று.

ஆறாவது புதன்கிழமை லட்சுமியம்மாளும் மகளும் படியேறி வந்தார்கள். பின்னால் யாரும் வரவில்லை.

"கவுண்டரு?" என்றார் சவுரிராயன்.

"வர மாட்டாரு. கொல்லையில மல்லாட்டை புடுங்கறாங்க. புடுங்கலன்னாலும் வர மாட்டாரு." லட்சுமியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "மெட்ராசுல வேற டாக்டரப் பாக்கலாம்னாரு. நாந்தான் வேணான்னேன்."

"ஏம்மா?"

"நீங்க பண்ண தப்பு இன்னான்னு உங்களுக்குத் தெரியும். அந்த டாக்டரு புதுசா ஒண்ணு பண்ணுவாரு."

சவுரிராயன் நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"பாக்க வேண்டியதப் பாருங்க," என்றாள். "நான் இங்கதான் ஒக்காந்திருக்கேன். போட்டோ கீட்டோ வேணாம்."

அவர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். தையல்நாயகி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"அம்மான்னு சொல்லு."

"எதுக்கு?"

"சொல்லிட்டு அப்படியே உட்டுடு. ஒதட்ட எதுவும் பண்ணாத."

"அம்மா," என்றாள். பெஞ்சிலிருந்து லட்சுமியம்மாள் "இன்னாடி?" என்றாள். தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து அடங்கியதும் இன்னொரு தடவை சொன்னாள். உதடுகள் சேர்ந்து, பிரிந்து, நின்றன. அவர் பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். விரலால் மேலுதட்டைப் பிடித்துக் கனம் பார்த்தார். கீழுதட்டையும் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொல்லி மோவாய்ச் சதையைக் கவனித்தார். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார். எல்லாம் ஐந்து நிமிஷ வேலை.

பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். இடம் கொஞ்சம் குறைந்திருந்தது. இன்னும் போதும்.

"எத்தினி மாசம் ஆவும்?" என்றாள் தையல்நாயகி.

"பதினெட்டு. கூடவும் ஆவலாம்."

"தைக்குள்ள முடியலன்னா?"

"கம்பியோட கல்யாணம் பண்ணிக்க வேண்டியதுதான்."

"அப்ப அவரு கம்பியப் பாத்துக்கினு தாலி கட்டட்டும். கேட்டவரு அவருதானே." பிறகு நாக்கால் வலப்பக்கக் குழியைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தப் பக்கம் ஒண்ணு கம்மியா இருக்கறது தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"ஓட்டை தெரியாது. ஆனா முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோடு, மூக்குக்கு நேரா வராது. ஒரு நூலு வலது பக்கம் சாயும். சாயாம இருக்கப் பாக்கறேன். வாக்கு குடுக்க முடியாது. வெளிய யாருக்கும் கண்ணுல படாது. எனக்குப் படும்."

"கண்ணாடி பாத்தா எனக்கும் படும்," என்றாள்.

"படும்."

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுப் பேரம் பேசுவது கேட்டது.

"சரி, ஆரம்பிங்க," என்றாள் தையல்நாயகி.

அவர் கம்பிச் சுருளைப் பிரித்து முதல் துண்டை அளந்து வெட்டினார்.